மழைநாள் அறிவிப்பு விருதுக்குப் போகுமா?

கேள்வி: ஏற்காடு அடிவாரத்தை ஒட்டிய அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளியின் சுற்றறிக்கை, வாட்ஸ்அப் குழுக்கள், காலாண்டு மலர், முகநூல் பக்கம் எல்லாம் என் பொறுப்பு. பள்ளித் தகவல் தொடர்புக்காக அமெரிக்காவில் ஒரு விருது தருகிறார்கள் என்று எங்கள் தாளாளர் கேள்விப்பட்டு, விண்ணப்பம் தயார் செய்யச் சொல்லிவிட்டார். மலரின் நான்கு இதழ்கள், நாளிதழ்களில் வந்த செய்திகள், ஆண்டு விழா ஆல்பம் ஆகியவற்றைத் தொகுத்து வைத்திருக்கிறேன். இதற்கிடையில், 'சிறந்த பள்ளித் தொடர்பு விருதுக்கு உங்கள் பள்ளி தேர்வாகியுள்ளது, 35,000 ரூபாய் செலுத்துங்கள்' என்று வேறொரு மின்னஞ்சலும் வந்திருக்கிறது. எதற்குப் போவது? இன்னொன்று: மலையிலிருந்து 60 பிள்ளைகள் தினமும் பஸ்ஸில் இறங்கி வருகிறார்கள். மழைநாளில் அவர்களுக்குச் சரியான நேரத்தில் தகவல் போய்ச் சேருவதில்லை. இதற்காக ஒரு தனிக் குழு தொடங்கலாமா என்று யோசிக்கிறோம். இதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுத முடியுமா? எழுதுவதென்றால் யார் எழுதுவது?
— ஓர் ஆசிரியை, சேலம்

பதில்:

வணக்கம் டீச்சர்.

கையில் இருப்பதை வைத்து இந்த ஆண்டு விண்ணப்பிக்க வேண்டாம். ஆல்பத்துக்கும் செய்தித்தாள் நறுக்குகளுக்கும் அந்த விருதில் பெரிய மதிப்பெண் கிடையாது. விருதுக்கு உரிய விஷயம் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில்தான் இருக்கிறது. மழைநாள் அறிவிப்பை வரும் ஜூனில் முறையாகத் தொடங்கினால், அடுத்த ஆண்டு தாளாளரிடம் தெம்போடு ஒரு கோப்பை நீட்டலாம்.

முதலில் அந்த 35,000 ரூபாய். விண்ணப்பிக்காத பள்ளியை யாரும் தேர்வு செய்ய முடியாது. உண்மையான போட்டியிலும் நுழைவுக் கட்டணம் உண்டு. ஆனால் அதைத் தோற்பவரும் ஜெயிப்பவரும் விண்ணப்பிக்கும்போதே கட்டுகிறார்கள். வாழ்த்துச் சொல்லிவிட்டு மேடைக்கும் கேடயத்துக்கும் பணம் கேட்டால் அது விற்பனை. மின்னஞ்சல் அனுப்பியவர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: மதிப்பெண் அளவுகோல் எங்கே வெளியிடப்பட்டிருக்கிறது? நடுவர்கள் யார்? நேரான பதில் வராவிட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழக நிதியிலிருந்து கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். அது பெற்றோர் பணம்.

தாளாளர் கேள்விப்பட்டது என்எஸ்பிஆர்ஏ எனப்படும் தேசியப் பள்ளி மக்கள் தொடர்புச் சங்கத்தின் விருதாக இருக்க வேண்டும். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு அது. அங்கே விருதுகள் பல வகை. கோல்டு மெடாலியன் என்பது ஒரு முழுத் தகவல் தொடர்புத் திட்டத்துக்குத் தருவது. மலர், இணையதளம், காணொலி போன்ற தனிப் படைப்புகளுக்கு வேறு பிரிவு இருக்கிறது. உங்கள் மலர் அந்த இரண்டாவது வகையில்தான் வரும். சங்கத்தின் உறுப்பினர்கள் பெரும்பாலும் அமெரிக்கா, கனடா பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். எனவே வெளிநாட்டுப் பள்ளி விண்ணப்பிக்கலாமா, கட்டணம் எத்தனை டாலர், கடைசி நாள் எது என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். நம் நாட்டில் 1958-ல் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்புச் சங்கமும் ஆண்டுதோறும் விருதுகள் தருகிறது. எங்கே போனாலும் கீழே சொல்லும் கோப்பு உதவும். இந்தத் துறையில் நல்ல விருதுகள் பெரும்பாலும் ஒரே நான்கு படிகளைத்தான் பார்க்கின்றன. ஆய்வு, திட்டம், செயல்பாடு, மதிப்பீடு.

நம் பள்ளிகள் மூன்றாவது படியை மட்டும் பத்துப் பக்கம் எழுதி அனுப்புகின்றன. என்ன செய்தோம், எத்தனை குழு தொடங்கினோம், எத்தனை இதழ் அச்சடித்தோம் என்று. நடுவர் தேடுவது அதற்கு முந்தியதையும் பிந்தியதையும். தொடங்கும் முன் நிலைமை என்ன என்று அளந்தீர்களா? முடிந்த பின் அதே அளவுகோலால் திரும்ப அளந்தீர்களா? முன் அளவு இல்லாத விண்ணப்பத்தைப் பின்னால் எந்த எழுத்துத் திறமையும் காப்பாற்றாது. குழுவை உடனே தொடங்கிவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம். முதலில் அளவு, பிறகு குழு.

உங்கள் மழைநாள் சிக்கலை நன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஏற்காடு வட்டத்துக்கு மட்டும் ஆட்சியர் விடுமுறை அறிவிக்கும் நாட்கள் உண்டு. அந்த அறிவிப்பு ஏற்காட்டில் இருக்கும் பள்ளிகளுக்கு. உங்கள் பள்ளி கீழே இருப்பதால் அன்று திறந்திருக்கும். மலையில் வீடும் கீழே பள்ளியுமாக இருக்கிற பிள்ளை இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. டிவியில் விடுமுறை என்கிறார்கள், பள்ளியிலிருந்து ஒன்றும் வரவில்லை, போவதா வேண்டாமா? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது இதன் தீவிரத்தை எல்லோரும் பார்த்தோம். 20 கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் பாதி வழியில் பஸ் நின்றால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? இந்த இடைவெளியை மாவட்ட அறிவிப்பு நிரப்பாது, பள்ளிதான் நிரப்ப வேண்டும். விண்ணப்பத்தின் முதல் பத்தி இதுவாகவே இருக்கட்டும். அமெரிக்க நடுவருக்கு இதை விளக்குவதும் எளிது. அங்கே பனிப்பொழிவுக்காகப் பள்ளி மூடும் நாளின் காலை அறிவிப்பு ஒவ்வொரு மாவட்டத் தொடர்பு அலுவலருக்கும் பழகிய தலைவலி.

இனி அளக்கும் முறை. ஜூனில் பள்ளி திறந்த இரண்டாம் வாரம், 60 பெற்றோர் எண்களையும் சேர்க்கைப் படிவத்திலிருந்தும் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸிலிருந்தும் எடுத்து ஒரே தாளில் எழுதுங்கள். இரண்டிலும் எண் வேறுபட்டால் அதையும் குறியுங்கள், அதுவே ஒரு கண்டுபிடிப்பு. பிறகு ஒரு வேலை நாள் காலை 5.45-க்கு, இப்போது எப்படி அனுப்புகிறீர்களோ அதே வழியில், ஒரு சோதனைச் செய்தி அனுப்புங்கள்: 'இது சோதனைச் செய்தி. இன்று பள்ளி உண்டு. பார்த்ததும் இந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கவும்.' முன்கூட்டியே யாரிடமும் சொல்லாதீர்கள். 'இன்று பள்ளி உண்டு' என்ற வரியை மட்டும் மறந்துவிடாதீர்கள். பாதித் தூக்கத்தில் படிப்பவர் லீவு என்று நினைத்துவிடுவார். மிஸ்டு கால் வந்த நேரத்தைக் குறித்து, 15 நிமிடத்துக்குள், 30-க்குள், ஒரு மணிக்குள், வரவே இல்லை என்று நான்காகப் பிரியுங்கள். உதாரணத்துக்கு, 60-ல் 27 பேர் அரை மணிக்குள் கூப்பிட்டிருந்தால் உங்கள் தொடக்க அளவு 45 சதவீதம். குறைவாக வந்தால் சங்கடப்பட வேண்டாம். குறைந்த எண்ணை நேர்மையாக எழுதும் விண்ணப்பத்தைத்தான் நடுவர் நம்புவார்.

கூப்பிடாதவர் வீட்டில் என்ன நடந்தது என்பதை மறுநாளே பிள்ளை மூலமும் போனிலும் கேளுங்கள். எண் மாறியிருக்கும். ரீசார்ஜ் தீர்ந்திருக்கும். போன் அப்பாவிடம் இருக்கும், அப்பா விசைத்தறியில் இரவு ஷிப்டில் இருப்பார். எஸ்டேட் லைன் வீட்டுக்குள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்குள், சிக்னல் வந்திருக்காது. அல்லது செய்தி போயிருக்கும், படிக்கத் தெரியாமல் விட்டிருப்பார்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே எத்தனை குடும்பம் என்று எழுதுங்கள். மருந்து காரணத்தைப் பொறுத்தது. சிக்னல் இல்லாத வீட்டுக்குப் புதுக் குழு தொடங்கி என்ன பயன்?

வாட்ஸ்அப்பில் கவனிக்க வேண்டியவை சில. குழுவில் நீங்கள் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவல் பகுதியைத் திறந்தால் யாருக்குச் சேர்ந்தது, யார் படித்தார் என்ற பெயர்ப் பட்டியல் வரும். நீல டிக்கை அணைத்து வைத்தவர்கூடக் குழுவில் படித்தால் தெரிந்துவிடும். அந்தத் திரையைப் படம் எடுத்துச் சேமியுங்கள், அது ஆதாரம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் வேறு கதை. அதில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைக்காதவருக்குச் செய்தியே போகாது. அனுப்பிவிட்டோம் என்று பள்ளி நினைத்துக்கொண்டிருக்கும், வரவில்லை என்று பெற்றோர் சொல்வார்கள், இரண்டுமே உண்மையாக இருக்கும். லெட்டர்பேடில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, படமாக எடுத்து அனுப்பும் பழக்கத்தையும் மழைநாளில் கைவிடுங்கள். சிக்னல் மெலிந்த இடத்தில் படம் திறக்காது. போன வருடத்துப் படம் இந்த வருடம் திரும்பச் சுற்றுவதும் இப்படித்தான். வெறும் எழுத்தாக, முதல் வரியில் தேதியும் கிழமையும் போட்டு அனுப்புங்கள். கூடவே 20 விநாடிக் குரல் பதிவு ஒன்று, படிக்கத் தெரியாதவருக்காக.

ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு எஸ்எம்எஸ். இதில் நாள் பிடிக்கும் வேலை ஒன்று இருக்கிறது. 2018-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதிமுறைப்படி, மொத்தமாகச் செய்தி அனுப்பும் நிறுவனம் தொலைபேசி நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி என்ற தளத்தில் பதிவு செய்து, அனுப்புநர் பெயருக்கும் செய்தி வாசகத்துக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் பெற்ற வாசகத்திலிருந்து விலகினால் செய்தி பாதியிலேயே நின்றுவிடும். அக்டோபர் மழையில் இதைத் தொடங்க முடியாது, ஜூனிலேயே போட்டுவிடுங்கள்.

வாசகத்தின் நீளத்தையும் பாருங்கள். தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 70 எழுத்திடம். நாம் எண்ணுகிற மாதிரி போன் எண்ணாது. உயிர்மெய்க் குறி, புள்ளி எல்லாம் தனித்தனி. 'பள்ளி' நமக்கு மூன்றெழுத்து, போனுக்கு ஐந்து. 'அன்பார்ந்த பெற்றோர்களின் மேலான கவனத்திற்கு' என்று தொடங்கினால் அதுவே 42 இடத்தைத் தின்றுவிடும். 70-ஐத் தாண்டினால் செய்தி 67, 67-ஆக உடைந்து, உடைந்த ஒவ்வொரு துண்டுக்கும் காசு போகும். இதோ ஒரு வாசகம்:

ஏற்காடு மலைப்பாதை இன்று மூடல். மலைப் பிள்ளைகள் வர வேண்டாம்.

இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 59. பள்ளியின் சுருக்கப் பெயருக்கும் தேதிக்கும் 11 இடம் மிச்சம் இருக்கிறது. மரியாதைச் சொற்களைச் சுற்றறிக்கையில் தாராளமாக எழுதலாம். விடியற்காலை ஆறு மணிக்குச் செய்தியைத் தெளிவாகச் சொல்வதுதான் மரியாதை.

திட்டப் பகுதிக்கு வருவோம். 'பெற்றோர்–பள்ளி உறவை மேம்படுத்துதல்' என்ற வரியை எத்தனையோ விண்ணப்பங்களில் காணலாம். அதை அளக்க முடியாது, ஆகவே மதிப்பெண்ணும் கிடைக்காது. இலக்கில் யார், என்ன செய்ய வேண்டும், எவ்வளவு, எதற்குள் என்ற நான்கும் இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்: 'ஏற்காடு வட்டத்திலிருந்து வரும் மாணவர்களின் பெற்றோரில் 90 சதவீதம் பேர், காலை அறிவிப்பு அனுப்பிய 30 நிமிடத்துக்குள் அதைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும், செப்டம்பர் இறுதிச் சோதனைக்குள்.' வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் என்பதால் செப்டம்பர். 100 என்று எழுதாதீர்கள். 60 வீடுகளில் ஒரு போனாவது அன்று அணைந்திருக்கும்.

யார் முடிவெடுப்பது என்பதையும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. வகுப்பாசிரியர் ஒருவர் விடுமுறை என்கிறார், இன்னொருவர் உண்டு என்கிறார். பாதை நிலவரத்தைக் கேட்டறிய ஓர் ஆசிரியர், முடிவெடுக்கத் தலைமையாசிரியர், அவர் கிடைக்காவிட்டால் உதவித் தலைமையாசிரியர், அனுப்ப நீங்கள். மற்றவர்கள் உங்கள் செய்தியை அப்படியே முன்னனுப்பலாம், சொந்தமாக எழுதக் கூடாது. முடிவு 5.40-க்குள் வர வேண்டும். முடிவு எடுக்க முடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்: 'நிலவரம் பார்க்கிறோம், 6.15-க்குச் சொல்கிறோம், அதுவரை கிளம்ப வேண்டாம்.' பெற்றோருக்கு அந்த ஒரு வரி பெரிய நிம்மதி. அன்றைய வருகைப் பதிவு என்ன ஆகும் என்பதையும் தலைமையாசிரியரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லீவு போட்டால் வருகை குறையுமோ என்ற பயத்தில்தான் சில பெற்றோர் மழையிலும் பிள்ளையை அனுப்புகிறார்கள்.

சிக்னல் இல்லாத லைன் வீடுகளுக்கு ஆள்தான் வழி. ஒவ்வொரு பஸ் நிறுத்தத்துக்கும் ஒரு பெற்றோர், அவருக்கு மாற்றாக இன்னொருவர். நிறுத்தத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவர் பிள்ளையும் உங்கள் பள்ளியில் படித்தால் அவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது. நவம்பருக்குப் பிறகு காப்பிப் பழம் பறிக்கும் பருவம் வந்துவிடும், அம்மா அப்பா இருவருமே விடிந்ததும் தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். நிறுத்தப் பொறுப்பாளர் பட்டியலை அப்போது ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

செயல்பாட்டுப் பகுதிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, தகவல் வந்த நேரம், முடிவெடுத்த நேரம், அனுப்பிய நேரம், அரை மணிக்குள் உறுதி செய்தவர் எண்ணிக்கை, வீணாக நிறுத்தம் வரை வந்துவிட்ட பிள்ளைகள் எண்ணிக்கை. பிசகியதையும் எழுதுங்கள். செலவையும் எழுதுங்கள்: எஸ்எம்எஸ் கட்டணம், ஆசிரியர் நேரம். குறைந்த செலவில் செய்தது பலமாகவே கருதப்படும்.

மதிப்பீட்டில் ஒரே விதி. ஜூனில் எப்படி அளந்தீர்களோ செப்டம்பரிலும் அப்படியே அளக்க வேண்டும். அதே 5.45, அதே மாதிரி வேலை நாள், அதே மிஸ்டு கால், இந்த முறையும் முன்னறிவிப்பு இல்லாமல். மாலை ஏழு மணிக்கு வைத்தால் எண் அழகாக வரும், ஆனால் அது வேறு சோதனை. உண்மையான மழைநாட்களில் நோட்டில் பதிந்ததுதான் கடைசி ஆதாரம், அதிலும் 'வீணாக வந்த பிள்ளைகள்' என்ற எண்ணிக்கை. எத்தனை செய்தி அனுப்பினோம் என்பது நம் உழைப்பின் கணக்கு; எத்தனை பிள்ளை மழையில் நிற்காமல் தப்பியது என்பது விளைவின் கணக்கு. தகவல் தொடர்பை விளைவால் அளக்க வேண்டும் என்றும், செய்தித்தாளில் வந்த இடத்துக்கு விளம்பரக் கட்டணம் போட்டுக் காட்டுவது மதிப்பாகாது என்றும் 2010-ல் பார்சிலோனாவில் இந்தத் துறையினர் கூடிக் கொள்கையே வகுத்துவிட்டார்கள். முகநூல் லைக்கும் நாளிதழ் நறுக்கும் பின்னிணைப்பில் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இலக்கு 90, கிடைத்தது 82 என்றால் 82 என்றே எழுதி, மீதியில் எந்தக் காரணம் தீரவில்லை என்று சொல்லுங்கள்.

பின்னிணைப்பில் வைக்கும் ஸ்கிரீன்ஷாட்களில் பெற்றோர் பெயரையும் எண்ணையும் கறுப்படித்துவிடுங்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் அனைவரும் குழந்தைகள்தான், அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பிள்ளைகளின் படம் வெளிநாட்டு நடுவர் வரை போகும் என்பதைச் சொல்லி, ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

மலரை ஒதுக்கச் சொல்லவில்லை. அது தனி நுழைவாகப் போகட்டும். அதற்கு முன், பெற்றோர் எந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்று முப்பது பேரிடமாவது கேட்டு, படிக்காத பக்கங்களைக் குறைத்த பிறகு அனுப்புங்கள். மழைநாள் திட்டத்தோடு அதைச் சேர்த்துக் கட்டினால் இரண்டுமே பலவீனப்படும்.

யார் எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். நோட்டைப் பராமரிக்கிற நீங்களே முதலில் தமிழில் எழுதுங்கள். ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்க்கட்டும், ஆனால் எண்களைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆட்சியர் யார், எஸ்டேட் லைன் என்றால் என்ன, மலைக்கும் பள்ளிக்கும் என்ன தூரம் என்று சேலத்தையே பார்த்திராத ஒருவருக்குப் புரியும்படி ஓரிரு வரி சேர்க்க வேண்டும். முடித்ததும் நிறுத்தப் பொறுப்பாளர்களில் ஒருவரைக் கூப்பிட்டுத் தமிழ்ப் பிரதியைப் படித்துக் காட்டுங்கள். 'இப்படி நடக்கலையே டீச்சர்' என்று அவர் சொல்லும் இடத்தைத் திருத்திய பிறகு தாளாளர் கையெழுத்துக்கு அனுப்பலாம்.